தேறிய பாடத்தை மீண்டும் படிக்க வேண்டுமா?

முதலாண்டில் இயக்கவியல் தாளை எழுதி, 60 மதிப்பெண் பெற்றுத் தேறிய ஒரு மாணவரை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயக்கவியல் தொடங்குகிறது. உந்தம், ஆற்றல், கோண உந்தம் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போகிறார். அச்சொற்கள் எல்லாம் மாணவருக்குப் பழக்கமானவைதாம். பொருள் மட்டும் பிடிபடுவதில்லை. ‘முதலாண்டுப் பாடத்தைத் திரும்பவும் அடியிலிருந்து படித்தால்தான் சரிப்படும்’ என்ற எண்ணம் அவருக்கு எழுகிறது.

அரியர் வைத்திருப்பவருக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. அவர் எழுதியே ஆக வேண்டும். தேறியவருக்குத்தான் இது முடிவெடுக்க வேண்டிய சிக்கலாகிறது. சிலர் இதற்காக முதுநிலைப் படிப்பை ஓராண்டு தள்ளிப் போடுகின்றனர். சிலர் இயற்பியலே தமக்கு வராது என்று முடிவு கட்டி, வேறு வழியில் போய்விடுகின்றனர். ஓராண்டு என்பது வீட்டாருக்கு ஓராண்டுச் செலவு; மாணவருக்கு ஓராண்டு ஊதியம் தள்ளிப் போவது. ஆகவே அச்சத்தையோ ஆர்வத்தையோ நம்பி இம்முடிவை எடுக்கலாகாது. ஆய்வுக்கூடத்தில் எதையும் முதலில் அளந்து பார்க்கிறோம் அல்லவா? அதே முறையை இங்கும் கையாளலாம். நமக்குக் குறைவது எது, எவ்வளவு என்று முதலில் அளப்போம்.

மூன்று சிறு வினாக்கள்

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிடுங்கள். கீழ்க்காணும் மூன்று வினாக்களுக்கும் விடையை மட்டுமன்றிக் காரணத்தையும் எழுதுங்கள். எழுதிய பிறகே மேலே படியுங்கள்.

1. ஒரு பந்தை நேர்மேலே எறிகிறீர்கள். அது உச்சியை அடையும் கணத்தில் அதன் திசைவேகம் என்ன? முடுக்கம் என்ன? அதன்மீது செயற்படும் விசைகள் எவை? காற்றின் தடையை விட்டுவிடலாம்.

2. 10,000 கிலோகிராம் நிறையுள்ள லாரியும், ஓட்டுபவரையும் சேர்த்து 200 கிலோகிராம் நிறையுள்ள ஸ்கூட்டரும் மோதிக்கொள்கின்றன. எது எதன்மீது கூடுதல் விசையைச் செலுத்துகிறது?

3. மேசைமீது ஒரு புத்தகம் இருக்கிறது. புவி அதைக் கீழே இழுக்கிறது. மேசை அதை மேலே தள்ளுகிறது. இரு விசைகளும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் செயலும் எதிர்ச்செயலும் இவைதாமா?

இனி விடைகளைப் பார்ப்போம். உச்சியில் பந்தின் திசைவேகம் சுழி. ஆனால் முடுக்கம் சுழியன்று. அங்கும் அது கீழ்நோக்கி வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்தான். செயற்படும் விசை புவியின் ஈர்ப்பு ஒன்றே. ‘எறிந்த விசை பந்துக்குள் இருந்து மெல்லமெல்லக் குறைகிறது’ என்று எழுதியிருந்தால், விசை என்னும் கருத்து இன்னும் சரியாக அமையவில்லை என்று பொருள். கையை விட்டுப் பிரிந்த பிறகு கையின் விசை பந்தின்மீது இல்லை.

இரண்டாம் வினாவில் இரு விசைகளும் சமம். லாரி ஸ்கூட்டரின்மீது 20,000 நியூட்டன் விசையைச் செலுத்தினால், ஸ்கூட்டரும் லாரியின்மீது அதே 20,000 நியூட்டன் விசையைச் செலுத்துகிறது. அவ்விசை ஸ்கூட்டரில் வினாடிக்கு வினாடி 100 மீட்டர் முடுக்கத்தையும், லாரியில் வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கத்தையும் தோற்றுவிக்கும். சேதம் வேறுபடுவது விசை வேறுபடுவதால் அன்று. நிறை வேறுபடுவதால் முடுக்கம் 50 மடங்கு வேறுபடுகிறது. இரண்டின் கட்டுமானமும் வேறு.

மூன்றாம் வினாவே பலரைத் தடுமாற வைப்பது. அங்குக் கூறிய இரு விசைகளும் செயல்-எதிர்ச்செயல் இணை அல்ல. இரண்டும் ஒரே பொருளின்மீது, அதாவது புத்தகத்தின்மீது, செயற்படுகின்றன. செயலும் எதிர்ச்செயலும் எப்போதும் இரு வேறு பொருள்களின்மீதே செயற்படும். புவி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் புவியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்கு இணை, புத்தகம் மேசையை அழுத்துவது. ஐயம் இருப்பின் அந்த மேசையை ஒரு லிஃப்டுக்குள் வைத்துப் பாருங்கள். லிஃப்ட் மேல்நோக்கி வினாடிக்கு வினாடி 2 மீட்டர் முடுக்கத்துடன் கிளம்பினால், 1 கிலோகிராம் புத்தகத்தைப் புவி 9.8 நியூட்டன் விசையால் இழுக்கும், மேசையோ 11.8 நியூட்டன் விசையால் தள்ளும். இரண்டும் இப்போது சமமில்லை. ஆனால் புத்தகமும் அதே 11.8 நியூட்டன் விசையால்தான் மேசையை அழுத்துகிறது. இந்த இணை ஒருநாளும் மாறுவதில்லை.

மூன்றில் இரண்டு தவறிவிட்டதா? வருந்த வேண்டாம். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் இவற்றில் தவறுவதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள்.

மதிப்பெண்ணும் புரிதலும்

அமெரிக்காவில் ஹெஸ்டனஸ், வெல்ஸ், ஸ்வாக்காமர் ஆகிய மூவர் 1992-இல் இத்தகைய வினாக்களைத் தொகுத்து ஒரு தேர்வை வெளியிட்டனர். பின்னர் திருத்தப்பட்ட பதிப்பில் 30 வினாக்கள் உள்ளன. கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை; சூத்திரமும் தேவையில்லை. விசை என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இவ்வகை வினாக்களைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, ஒரு மாணவி ஓர் ஐயத்தை எழுப்பினார்: விடையை நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா? கடினமான கணக்குகளைப் போட்டுத் தேறுபவர்கள் மனத்திலும் பாடம் ஒருபுறம், நம்பிக்கை ஒருபுறம் என இரண்டும் ஒட்டாமல் இருக்க முடியும் என்பதை இது காட்டிற்று. மசூர் தம் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்.

‘நிறையக் கணக்குப் போட்டால் தானாகப் புரிந்துவிடும்’ என்று நாம் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. கொரியாவில் கிம், பாக் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் சோதித்த 27 மாணவர்கள் தம் கணிப்பின்படி 300 முதல் 2900 வரை கணக்குகள் போட்டிருந்தனர். சராசரி சுமார் 1500. சூத்திரங்களைக் கையாள்வதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் அடிப்படைக் கருத்துகளில் குழப்பங்கள் அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே காணப்பட்டது.

இன்னொரு ஆய்வும் நம் முடிவுக்கு உதவும். ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 இயக்கவியல் வகுப்புகளில் பயின்ற 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்து 1998-இல் வெளியிட்டார். பாடத்திற்கு முன்பும் பின்பும் தேர்வு வைத்து, தொடக்கத்தில் குறைவாக இருந்ததில் எவ்வளவு பங்கு ஈடாயிற்று என்று கணக்கிட்டார். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வழக்கமான வகுப்புகளில் இந்தப் பங்கு சராசரியாக 0.23. மாணவர்களே விவாதித்து, ஊகித்து, உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் வகுப்புகளில் 0.48. தொடக்கத்தில் நூற்றுக்கு 40 பெற்றவரை எடுத்துக்கொண்டால், குறைவு 60. முதல் வகை வகுப்பில் அவர் ஏறத்தாழ 54-ஐ எட்டுவார். இரண்டாம் வகையில் ஏறத்தாழ 69-ஐ எட்டுவார்.

ஹேக் ஆராய்ந்தது மீண்டும் படிப்பவர்களை அன்று. எனினும் ஒன்று தெளிவாகிறது. எத்தனை முறை வகுப்பில் உட்கார்கிறோம் என்பதைவிட, உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே புரிதல் அமைகிறது. அதே குறிப்பேட்டை அதே முறையில் மறுபடி எழுதிக்கொள்வதற்கு ஓராண்டைச் செலவிடுவது வீண்.

குறை எந்த வகை?

‘எனக்குப் பாடம் புரியவில்லை’ என்ற ஒரே சொற்றொடருக்குள் குறைந்தது நான்கு வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது மறதி. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, பல நாள் இடைவெளி விட்டு மீண்டும் மனப்பாடம் செய்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று தம்மையே சோதித்து 1885-இல் நூலாக எழுதினார். 31 நாள் கழித்தும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் மிச்சமாயிற்று. நினைவிலிருந்து அழிந்ததாகத் தோன்றுவது முழுவதும் அழிந்துவிடவில்லை என்பது இதன் பொருள். பொருளோடு கற்ற பாடம் இதைவிட எளிதில் மீளும். ஆகவே ஓர் அத்தியாயத்தை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் பயிற்சிக் கணக்கு ஒன்றைப் போடுங்கள். முன்பு ஒரு வாரம் பிடித்தது இப்போது ஒரு மாலையில் வந்துவிட்டால், உங்கள் குறை மறதிதான். அதற்குச் சில வார மீள்பார்வை போதும்.

இரண்டாவது கணிதக் குறை. சுருள்வில்லில் தொங்கும் எடையின் அலைவைப் பாருங்கள். இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்திலும் எதிர்த்திசையிலும் விசை இருக்கிறது என்பது இயற்பியல். அதிலிருந்து சைன் வளைவு ஏன் வருகிறது என்பது வகைக்கெழுச் சமன்பாடு. முதலாவது புரிந்து, இரண்டாவதில் நின்றுவிடுபவர் இயக்கவியலை மூன்று முறை படித்தாலும் அதே பக்கத்தில்தான் நிற்பார். அவர் எடுக்க வேண்டியது கணிதப் புத்தகம்.

மூன்றாவது மொழி. பள்ளியில் தமிழில் பயின்று கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் இதைத் தனியே சோதிக்க வேண்டும். புரியாத கருத்தை ஒரு நண்பருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்து, ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறினால், உங்களுக்கு இயற்பியல் தெரியும், சொற்கள்தாம் பழகவில்லை. ஒரு சிறு சொற்பட்டியலும், நாளொன்றுக்கு ஒரு பத்தி எழுதும் பழக்கமும் இதைத் தீர்க்கும். இக்குறையை அறிவுக்குறை என்று தவறாக எண்ணித் தம்மைத் தாழ்த்திக்கொண்ட மாணவர்கள் பலர்.

நான்காவதே கருத்துக் குறை. பந்துக்குள் விசை தங்கியிருக்கிறது, பெரிய வண்டி கூடுதலாக மோதுகிறது என்பன போன்ற எண்ணங்கள் சிறு வயது முதல் அனுபவத்தில் ஊறியவை. வாசித்த மாத்திரத்தில் அவை போய்விடுவதில்லை. வேறொருவர் கேள்வி கேட்டு மடக்கும்போதும், சோதனை ஊகத்தைப் பொய்யாக்கும்போதும்தான் அவை அசைந்து கொடுக்கின்றன. வகுப்பும் ஆசிரியரும் உண்மையிலேயே தேவைப்படுவது இங்குத்தான்.

இரு மாணவர்கள்

ஒரு மாணவி இளநிலை இறுதியாண்டில் என்னிடம் வந்தார். தந்தை விசைத்தறித் தொழிலாளி. தம்பி அவ்வாண்டு கல்லூரியில் சேர வேண்டும். மின்காந்தவியல் புரியவில்லை, ஆகையால் முதுநிலைச் சேர்க்கையை ஓராண்டு விட்டுவிட்டு, பழைய பாடங்களைப் படிக்கப் போகிறேன் என்றார். காஸ் விதியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். மூடிய பரப்பு ஒன்றைவிட்டு வெளியேறும் மொத்த மின்பாயம் அதனுள் அடைபட்ட மின்னூட்டத்தைப் பொறுத்தது. வெளியே உள்ள மின்னூட்டத்தின் கோடுகள் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறிவிடுவதால் கூட்டுத்தொகை மாறாது என்று படம் வரைந்து விளக்கினார். அதையே பரப்புத் தொகையீடாக எழுதியதும் கை நின்றுவிட்டது. குறை மின்காந்தவியலில் இல்லை. திசையன் நுண்கணிதத்தில் இருந்தது. கோடை விடுமுறையில் அதை மட்டும் படித்தார். சேர்க்கையைத் தவறவிடவில்லை.

மற்றொரு மாணவரின் நிலை நேர்மாறானது. இயக்கவியலில் 78 மதிப்பெண் பெற்றவர். மேற்கண்ட மூன்று வினாக்களிலும் தவறினார். சுழற்சி இயக்கம், ஆற்றல் அழிவின்மை என்று எங்குத் தொட்டாலும் சூத்திரம் வந்தது, காரணம் வரவில்லை. வேலைக்குப் போகலாமா, ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாமா என்ற நிலையில் இருந்தார். ஆசிரியராக விரும்புபவருக்கு இக்குறை அவருடன் நிற்காது. அவரிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். அவர் ஒரு பருவம் முழுவதும், தமக்கு ஓய்வான மணிகளில், முதலாண்டு வகுப்பின் கடைசி இருக்கையில் வந்து உட்கார்ந்தார். பெயர்ப்பதிவு இல்லை, தேர்வு இல்லை, கட்டணமும் இல்லை. இளையவர்கள் முன்னிலையில் உட்காரும் கூச்சம் முதல் இரு வாரங்களில் போய்விட்டது. அவர் மீண்டும் படித்தது சரியான முடிவு என்றே கூறுவேன்.

ஆறு வாரச் சோதனை

உங்கள் குறை எந்த வகை என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால், ஓராண்டைப் பணயம் வைக்குமுன் ஆறு வாரம் செலவிட்டுப் பாருங்கள்.

முதல் நாள், பாடம் முழுவதையும் தழுவிய 20 கருத்து வினாக்களை ஆசிரியரிடமோ நண்பரிடமோ கேட்டு வாங்கி, புத்தகம் இன்றி எழுதுங்கள். சரியான விடைகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் வாரம் ஓர் அத்தியாயம். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மாணவர்கள் பெரும்பாலும் செய்வது, திரும்பத் திரும்ப வாசிப்பது. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழுவினர் ஒரு பகுதியை நான்கு தவணை வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஒரு தவணை வாசித்து, மூன்று தவணை பாராமல் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்களும் வாசித்தவர்களே! எனவே ஒருமுறை வாசியுங்கள், மூடுங்கள், எழுதுங்கள், ஒப்பிட்டுத் திருத்துங்கள். வாரம் ஒரு முறையேனும் ஒரு நண்பரை எதிரில் அமர்த்தி, ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்லி விளக்குங்கள்.

ஆறாம் வார முடிவில், அதே கருத்துகளைச் சோதிக்கும் வேறு 20 வினாக்களுக்கு விடை எழுதுங்கள். ஹேக் செய்த கணக்கை இப்போது உங்களுக்கே செய்துகொள்ளலாம். முன்பு 8 சரி என்றால் குறைவு 12. இப்போது 14 சரி என்றால் 6 கூடியிருக்கிறது. 12-இல் 6, அதாவது 0.5. தனியாகப் படிப்பதே உங்களுக்குப் பலன் தருகிறது. அதைத் தொடருங்கள், மேற்படிப்பை நிறுத்த வேண்டாம். கூடுதல் கால் பங்குக்கும் குறைவாக இருந்தால், தனிமுயற்சி போதவில்லை என்று கொண்டு, ஆசிரியர் உள்ள வகுப்பை நாடலாம். இது துல்லியமான அளவுகோல் அன்று, ஒரு கைக்கணக்குதான். ஆயினும் வெறும் மனக்கலக்கத்தைவிட நம்பத் தக்கது.

வகுப்பை நாடுவதென முடிவு செய்தால் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, தேறிய தாளை மறுபடி எழுதுவது பற்றிய விதிகள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒன்றுபோல் இல்லை. அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டாவது, முறையாகச் சேராமலும் படிக்க வழிகள் உண்டு. ஆசிரியரின் இசைவுடன் இளையோர் வகுப்பில் அமரலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளையும், 2017-இல் மைய அரசு தொடங்கிய ‘சுயம்’ தளத்தின் பாடங்களையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். விரிவுரையை நிறுத்தி நிறுத்தி, அடுத்து என்ன வரும் என்று ஊகித்து எழுதிய பிறகு தொடர்வது நல்லது. மூன்றாவது, மேலே போகப் போகப் பழைய பாடம் தானே திரும்ப வருகிறது. பள்ளியில் கண்ட நியூட்டன் விதிகள் இளநிலையில் நுண்கணிதத்தோடு வருகின்றன. முதுநிலையில் லக்ராஞ்சி முறையாக மீண்டும் வருகின்றன. ஆகவே எல்லாம் முழுவதும் தெளிந்த பிறகே அடுத்த படியில் கால் வைப்பேன் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பாடத்திற்கு இன்றியமையாத அடிப்படை மட்டும் உறுதியாக இருந்தால் போதும்.

முதுநிலைச் சேர்க்கைக்கான கடைசி நாள் உங்களுக்காகக் காத்திருக்காது. இந்த ஆறு வாரங்களை அதற்கு முன்பே முடித்துவிடும்படி, இறுதிப் பருவத்தின் தொடக்கத்திலேயே முதல் 20 வினாக்களை எழுதிவிடுங்கள்.